பனிக்குக் கட்டம் இல்லை

காலை எட்டரை.
மழைமானியின் புனலில் ஒரு சிலந்தி வலை,
வலை முழுக்க நீர்மணி.
குடுவையில் ஒன்றுமில்லை.
பதிவேட்டில் எழுதுகிறேன்:
மழை, 0.0.

சிறுமலை இருந்த இடத்தில்
பால் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல ஒரு வெளுப்பு.
பாலமேட்டுப் பேருந்து விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறது.
ஓட்டுநர் தலையில் பச்சை மப்ளர்.

சாத்தையாறு அணைச் சுவரில் வெள்ளை எண்கள்.
பதினேழில் போன வருஷத்துப் பாசி
கருத்துக் காய்ந்து கிடக்கிறது.
தண்ணீர் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்.
நேற்றும் அங்கேதான். முந்தாநாளும்.
ஐப்பசிப் புயல் கடலோரமாகவே நடந்து
எங்கள் பக்கம் திரும்பாமல் போனது.
பன்னிரண்டென்று எழுதினால் என்ன என்கிறது கை.
அரையடிக்குக் கீழே மூன்று கண்மாய்க்காரர்கள்
மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.
பதினொன்றரை.

மொக்கைச்சாமி சைக்கிளைச் சாய்க்காமலே கேட்கிறார்:
"மலையில என்ன இருக்கு தாயி?"
பயிற்சியில் சொன்னதைச் சொன்னேன்.
சில தேசத்தில் குளிர்காலம் முழுக்க
பனி கட்டியாக மலைமேல் உட்கார்ந்திருக்குமாம்.
அதை எடை போடுவார்களாம்.
கோடையில் ஆற்றில் எவ்வளவு வருமென்று
தையிலேயே கணக்குச் சொல்வார்களாம்.
அந்தப் பனியும் சில வருஷம் ஏமாற்றுமாம்.

அவர் கொஞ்ச நேரம் வெளுப்பையே பார்த்தார்.
"நம்ம மலை அன்னாடங்காய்ச்சி.
பேஞ்சாக் குடுக்கும். பேயலைன்னா
அதுவும் நம்மளமாதிரி முக்காடு போட்டுப் படுத்துக்கும்."

அதற்குள் போன் அடித்தது, மதுரையிலிருந்து.
"மழை?"
இல்லை மேடம்.
"வரத்து?"
இல்லை மேடம்.
"வேற?"
முழங்கால் வரை சேலை நனைந்திருக்கிறது,
கரைப்புல்லில் நடந்து வந்தது.
சட்டையைப் பிழிந்தால் சொட்டும் அவருக்கு.
வேப்பமரம் ஒவ்வொரு சொட்டாய்
தகரக் கூரையில் எண்ணிக்கொண்டிருக்கிறது.
தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்,
துளைத்த ஆழத்துக்கு என்னிடம் அளவுகோல் இல்லை.
வேற ஒண்ணுமில்ல மேடம்.

"தண்ணி தொறப்பாகளா?" என்றார்.
இந்த அளவுக்குத் திறக்க மாட்டார்கள்.
அவருக்கும் தெரியும்.
நெல் போடாமல் விட்ட ஒன்றரைக் குறுக்கத்தில்
மொச்சை போட்டிருக்கிறார்.
வாய்க்கால் பார்க்காத கொடி,
ராத்திரி இறங்குவதைக் குடித்தே
பூத்துவிட்டதாம், காய்த்தும்விட்டதாம்.

நம்பாதவளிடம் காட்டுவதுபோல
மடியை அவிழ்த்து இரண்டு கை
பதிவேட்டின் மேலேயே கொட்டினார்.
"வேகவச்சுத் தின்னு. உப்பு கம்மியாப் போடு."
சைக்கிள் மணி கேட்டது, ஆள் தெரியவில்லை.

காய்களை ஒதுக்கிப் பார்க்கிறேன்.
ஈரம் பட்டு
இன்றைய சைபர் ஊறி, பெருத்து,
அடுத்த கட்டத்துக்குள் கால் வைத்திருக்கிறது.
அழித்து எழுத வேண்டும்.
மை காயட்டும்.