நானும் கோட்டைதான்

மிதுஷா மலையேறி முடித்திருந்தாள்.
கைபேசிக்குள் மூச்சு வாங்கியது.
"சித்தப்பா, தொள்ளாயிரம் வருசக் கோட்டை, பாருங்கோ."
மதிலுக்கு மேலால் திருப்பினாள்:
ஆறு, பச்சைக் கும்மட்டங்கள்,
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒஸ்ரிய நகரம்.
"நீங்க எங்க நிக்கிறீங்க?"
"நானும் கோட்டைதான்."
"காட்டுங்கோ, காட்டுங்கோ!"

காட்டினேன்.
ஸ்டேஷன் வாசல். மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி.
அவிசாவளை பஸ்ஸுக்கு ஓடும் செருப்புகள்.
"கோட்டை எங்க?"
"வெள்ளைக்காரன் இடிச்சுப்போட்டான்.
பேரை மட்டும் எடுக்க மறந்திட்டான்."
சிரித்தாள்.
அங்கேயே பிறந்த சிரிப்பு.

மதிலே இல்லாத இந்தக் கோட்டைக்கு
ஒரு காலம் எத்தனை வாசல்கள்!
மணல்மூட்டை, தகரப் பீப்பாய்,
பேரை ஒருமுறை
ஊரை இருமுறை
கேட்கிற குரல்.
அதை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட?

"உள்ள வரவே பதினெட்டு யூரோ, சித்தப்பா. அநியாயம்!"
"அநியாயம்தான்" என்றேன்.

பேரா வாவிப் பக்கமிருந்து தூறல் வந்தது.
குடைக்குப் போன கை
வழியில் சட்டைப்பையைத் தொட்டது,
அடையாள அட்டை இருக்கிறதா என்று.

இருந்தது.