ஓல்டன், பின்னிரவு இரண்டேகால்

கணினி பழசு.
விண்டோஸ் அதைக் கைவிட்டு ஒரு வருசம்.
புதிதுக்கு விலை கேட்டுவிட்டு
பேசாமல் வெளியே வந்தேன்.
வேலையிடத்து ரேத்தோ லினக்ஸ் ஏற்றித் தந்தான்.
படம் திருத்தும் மென்பொருளோ
அந்த வாசலுக்கு வராதாம்,
வைன் என்றொரு தரகன் வேண்டுமாம்.
'இதுவும் விண்டோஸ்தான்' என்று
முகம் மாறாமல் பொய் சொல்லுவானாம்.

முதல் இரவு எழுத்தெல்லாம் சதுரப் பெட்டிகள்.
இரண்டாம் இரவு தூரிகை
நான் வைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி வரைந்தது.
தள்ளிக் குறிவைக்கப் பழகிக்கொண்டேன்.

அபிசனாவின் சாமத்தியவீடு, எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
வாழைமரத்துக்கு மேலே தெரிந்த
கூடைப்பந்து வளையத்தை அழித்தேன், அழிந்தது.
தாய்மாமனின் சிவந்த கண், அதுவும் சரி.
மிச்சம், பவளராணியக்கா போனில் சொன்னது:
"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடுங்கோ தம்பி."

தோல் நிறத்தைத் தொட்ட கணமே
மென்பொருள் விழுந்தது.
திறந்தேன். தொட்டேன். விழுந்தது.
ஏழாம் முறை,
சன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் முழுக்கப் போகும்வரை
ஏதோ அதன் அதிர்வுதான் காரணம்போலக் காத்திருந்து
மெல்லத் தொட்டேன்.
விழுந்தது.

பிழைச் செய்தி அரைப்பக்கம்.
எனக்கு விளங்கியது ஓர் எண் மட்டும்.

மறுபடி திறந்தபோது
யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள்
பல்லுக்கம்பி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்,
நல்ல கறுப்பு,
நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருக்க.

அதையும் நிமிர்த்தவில்லை.
அச்சுக்கு அனுப்பிவிட்டு
அக்காவுக்கு எழுதினேன்:
கம்ப்யூட்டர் விடுகுதில்லை.