நாலாவது குழாய்

நாலு குழாயில் என்ர இரத்தம்.
முதலாவதில் ஒண்டும் கலக்கேல்லை;
மற்றதுகளில் மருந்து, அளவு கூட்டிக் கூட்டி.
"கொல்லிக் கலங்கள்" எண்டாள் ஆய்வுகூடப் பிள்ளை,
"உங்களுக்குக் கொஞ்சம் முழிப்புக் கூட."

என்ர மனிசன் பாஷையூர்.
கலமெண்டால் அவருக்கு வள்ளம்.
"எத்தினை கலம்?" எண்டு கேட்டார்,
காத்து மாறின இரவில்
கரையில் நிண்டு எண்ணுற ஆளின்ர குரலில்.

மூண்டு தரம்.
எட்டாம் கிழமை, பதினோராம் கிழமை, திரும்ப எட்டு.
கடைசிக்கு நான் பேர் யோசிக்கேல்லை.
எண்டாலும் ஒரு பேர் தானாய் வந்து நிண்டது.

நாலாவது குழாயில்
எல்லாம் அடங்கிப்போச்சுதாம்.
"உடம்புக்குள்ளையும் அடங்குமோ?"
கையுறையைக் கழற்றினாள்.
"தெரியாது அக்கா. குழாயிலதான் பாத்திருக்கிறம்."

அந்தத் 'தெரியாது'வை,
ஆரும் சொன்ன ஆறுதலைவிடக் கவனமாய்
வீட்டுக்குக் கொண்டுவந்தன்.

ஆஸ்பத்திரி வீதியில் பஸ் பாத்து நிக்கேக்கை
முழங்கை மடிப்பில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.
உள்ளுக்கு நித்திரை கொள்ளாத காவல்காரரே,
அடுத்த முறை வாற ஆளிட்டை
அடையாள அட்டை இராது.
எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்.
விடுங்கோ.