வாய்க்குள் ஒரு மணிக்கட்டு

முதலில் இரண்டு நாடியையும் அழுத்திப் பிடித்தார் டாக்டர்.
கையை மூடு, திற, மூடு, திற.
உள்ளங்கை சுண்ணாம்பாய் வெளுத்தது.
சுண்டுவிரல் பக்கத்து நாடியை மட்டும் விட்டார்.
ஆறு விநாடியில் சிவப்பு ஏறியது.
ஒன்று போனாலும் இந்தக் கை பிழைக்கும் என்றார் மலாயில்.
இடது கைதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இடது கை.
கடிகாரம் கட்டுகிற கை. கழுவுகிற கை.
அது பட்டால் என் வீட்டில் இலையையே மாற்றிவிடுவார்கள்.
அதைத்தான் நாக்காக்கப் போகிறார்கள்.

ஈப்போ பெரியாஸ்பத்திரி. பதினொரு மணி நேரம்.
நாக்கில் பாதியைப் புண்ணோடு அறுத்தெறிந்து
மணிக்கட்டுக்கு மேலே வெற்றிலை அளவு தோலை
அதன் நாடியோடு, கொழுப்போடு எடுத்து
வாய்க்குள் மடித்துத் தைத்தார்களாம்.
கழுத்துக் குழாயோடு அதைச் சேர்த்த நூல்
தலைமயிரைவிடச் சன்னமாம்.
வெற்றிலை அளவு என்பது நான் சொல்வது.
முப்பது வருஷம் அந்த இடத்தில்
வேறென்ன வைத்தேன்?

இரவெல்லாம் மணிக்கொருதரம்
டார்ச் அடித்துப் பார்த்தாள் நர்ஸ் சல்மியா.
பேனா போல ஒன்றை வைத்தால்
விஸ்... விஸ்... என்று உள்ளே காற்றடித்தது.
"ஹிடுப்" என்றாள். உயிரோடு இருக்கிறது.
என்னைச் சொன்னாளா, தோலைச் சொன்னாளா,
கேட்க நாக்கு இல்லை.

கையைக் குழியாய் விட முடியாதே.
தொடையிலிருந்து மெல்லிசாய் உரித்து மூடினார்கள்.
ஐம்பத்து மூன்று வருஷம் கைலிக்குள் கிடந்த தோல்
இப்போது சுங்கை சிப்புட் வெயிலில் மோட்டார் ஓட்டுகிறது.
வெயிலிலேயே கிடந்த தோல்
இருட்டில் உட்கார்ந்து ரசம் குடிக்கிறது.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒருநாள் கண்ணாடிமுன் வாயைத் திறந்தால்
உள்ளே ஒரு கரும்புள்ளி.
திரும்ப வந்துவிட்டதென்று கத்திவிட்டேன்.
அமராவதி ஓடிவந்து, எட்டிப் பார்த்து,
சிரித்தே விட்டாள்.
"பதினேழாம் நம்பர் காட்டுல குத்தின முள்ளுய்யா அது.
ஊசி வச்சு நோண்டியும் வராமப் போச்சே."
செம்பனை முள்ளின் நுனி.
பக்கத்தில் ஆறேழு மயிர்.
மாதம் ஒருதரம் பல் டாக்டர் கத்தரிக்கிறார்,
என் வாய்க்குள் முடிவெட்டுக் கடைச் சத்தம்.

அந்தப் பக்கம் கோப்பி சுடாது. உப்பு தெரியாது.
பல் கடித்தாலும் தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் நோர்லைலா.
அவள் தாளில் ரோத்தி, ரூமா, லோரி.
ழகரம் அவள் தாளில் இல்லை.
அதை வீட்டில் நானே மடித்துப் பார்க்கிறேன்.
மழை. மயை.
பழம். பயம்.
மில்லுக்கு எத்தனை டன் பயம் போச்சு
என்று கேட்கிறேன், லோரிக்காரன் கணக்குச் சொல்கிறான்.
இந்த ஊரில் அதைச் சரியாகச் சொன்னவன்
முன்பும் யார்?

ஆறு மாதம் கழித்துப் பெரட்டுக்குப் போனேன்.
காலை ஐந்தே முக்கால். புல்லெல்லாம் ஈரம்.
கடிகாரம் இப்போது வலது கையில்.
பாதிப் பேர் வங்காளதேசம், மீதி லொம்போக்,
தமிழர் நாலே பேர்.
டெலோவார் ஹொசைன் என்று கூப்பிட்டேன்.
வாயிலிருந்து என்ன வந்ததோ எனக்கே தெரியாது.
"ஆடா" என்று கை தூக்கினான்.
அடுத்தவனும் தூக்கினான். அதற்கடுத்தவனும்.

பத்து வருஷமாய் அவர்கள் பெயர்களை
இப்படித்தான் கொன்றிருக்கிறேன்,
முழு நாக்கோடு.

தமிழர் நாலு பேர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அழகேசன் பெயரை
இரண்டாம் தரமும் கூப்பிட்டேன்.
இரண்டாம் தரமும்
"வந்துட்டேங்க" என்றான்.