துணைக்கால்

ஏழாம் உருளை நின்றுவிட்டது என்று
இரவு ஒன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது.
அது நிற்கவில்லை. லலந்த நிறுத்தினான்.
நிறுத்தினேன் என்று சொன்னால்
யார் கேள்வி கேட்பார்களோ என்று
அப்படிச் சொன்னான்.

போன கிழமையே எனக்குத் தெரியும்.
நீட்டு ஸ்க்ரூட்ரைவரின் நுனியைப்
பேரிங் கூட்டில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்தினால்
உள்ளே யாரோ மணல் மெல்லுகிற சத்தம்.
எழுதிக் கொடுத்தேன்.
'ஓடுமட்டும் ஓடட்டும்' என்று
சிவப்பு மையில் திரும்பி வந்தது.
துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்.
விடிந்தால் கொழும்புக்குப் பாண் வேண்டும்.

மட்டக்குளி ஆலைக்கு ஐந்து மாடி.
இமையில் மா, பல்லில் மா,
சாப்பாட்டுப் பெட்டியின் கொக்கியிலும் மா.
களனி கடலில் விழுகிற வாசம்
இதைத் தாண்டி மூக்குக்கு வராது.

மெயினை இறக்கி என் பூட்டைப் போட்டேன்.
உள்ளே போகிற கை எவனுடையதோ
சாவியும் அவனுடைய பையில்.
இங்கே மாறாத சட்டம் இது ஒன்றுதான்.
பூட்டோடு ஓர் அட்டை தொங்கும்:
தே. இருதயராஜ், பராமரிப்புப் பகுதி,
மேலே மூன்று மொழியில் எச்சரிக்கை.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில்
அபயம்.

அச்சடித்தவனுக்கு ஒரு துணைக்கால் தவறிவிட்டது,
இருநூறு அட்டையிலும்.
அபாயம் என்று கத்தவேண்டிய இடத்தில்
வாசல் பிள்ளையாரின் வலக்கை மாதிரி
அஞ்சாதே என்கிறது.
லலந்தவுக்கு விளக்கினேன்.
கந்தோரில் இருக்கும் புத்தரின் கையைக் காட்டி
'எங்களுக்கும் அந்தச் சொல் அதுதான்' என்றான்.
சிரித்துக்கொண்டே டோர்ச்சைப் பிடித்தான்.

பழைய பேரிங் நீலம் பாய்ந்து வெந்திருந்தது.
புதியதைச் சூடான எண்ணெயில் குளிப்பாட்டி
ஆறுமுன் தண்டில் ஏற்றவேண்டும்;
ஆறிவிட்டால் யமன் இழுத்தாலும் அசையாது.
ஏறியது.
பிறகு டயல் கேஜ், மெல்லிய தகடு,
தலைமயிரில் பாதிக்கும் குறைவான பிசகு.
தோள்வரை கையை விட்டு
இரண்டு உருளைக்கும் நடுவில்
விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேலே
யாரோ ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார்கள்.

பெட்டிக்குள் 'டக்' என்றது.
அவ்வளவுதான்.
டோர்ச் வெளிச்சம் மட்டும் ஆடியது.

கையை எடுத்தேன். கிரீஸ் பூசிய ஐந்து விரல்.
ஏன் எண்ணினேன் என்று தெரியாது,
இரண்டு தரம் எண்ணினேன்.
பிரேமசிறி படியில் ஓடி வந்து
'முடிஞ்சுதெண்டு நினைச்சன்' என்றார்.
அவர் தமிழ் பேசியது அன்றுதான் கேட்டேன்.
ஒன்றும் சொல்லாமல்
கையைத் திரும்ப உள்ளே விட்டேன்.
தகடு இன்னும் சரியாகப் படியவில்லை.

ஐந்து பத்துக்கு உருளை சுற்றியது.
ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்தேன்:
மணல் இல்லை, மழை இரைச்சல் மட்டும்.

ஷிப்ட் முடிய இன்னும் ஐம்பது நிமிடம்.
ஸ்டோர்ஸில் போய்
அட்டைக் கட்டை அவிழ்த்து
பெயின்ட் பேனாவால்
ஒவ்வொரு பகரத்துக்கும் கால் போட்டேன்.
முப்பத்தொன்றாவதில் பேனா வற்றிவிட்டது.

புதுப் பேனாவுக்குப் படிவம் நிரப்பவேண்டும்.
பொருள்: கறுப்புப் பேனா, ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் கை நின்றது.
பிறகு எழுதினேன்:
பராமரிப்பு.