அறுபதாம் நாள்

பிடுங்கத்தான் போகிறோம் என்று
எப்போதோ முடிவான பல்.
மேல்தாடை, வலப்பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்தது.
கம்பி கட்ட இடம் வேண்டுமாம்.
பதினைந்து வயது ஒட்டோனியலின் வாயில்
நான்கு பற்கள் இப்படி நாள் குறிக்கப்பட்டும்
நன்றாகவே மென்றுகொண்டிருந்தன.

பிரசிகாபாவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
எங்கள் பல் மருத்துவக் கல்லூரிக்கு
அப்படிப்பட்டவைதான் தேவை:
நோயும் இல்லை, நாளும் இல்லை.

தாய் ஜிர்லேனி
சர்க்கரை ஆலையில் இரவு வேலை முடித்து வந்து
ஆறு பக்கப் படிவத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.
நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.
"நல்ல பல்லுல ஓட்டை போடுவீங்க.
மருந்து வெச்சு மூடுவீங்க.
ஆறிடுச்சான்னு பார்க்கப் பிடுங்குவீங்க."
ஆமாம் என்றார் டாக்டர் வலாடாரெஸ்.
எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அது ஆமாம்தான்.
கையெழுத்திட்டாள். கீழே அவனும், தனியாக,
பந்தாட்டக்காரன் போல ஒரு சுழி வைத்து.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று
யாரிடமும் சொல்ல முடியாத அறை இது.
மரத்த ஈறு, பச்சை ரப்பர் திரை,
சுழலும் வைரமுனை.
சுவர் மெலிந்து இளஞ்சிவப்பாகி
ஒரு துளி ரத்தம், கடுகில் பாதி.
அந்த இடத்தில்தான் பல் உயிரோடிருக்கிறது.
கழுவி, ஒற்றி, நிற்கும்வரை காத்திருந்து
ஒரு பக்கம் புதுச் சிமெண்ட்,
மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சுண்ணாம்பு மருந்து.
எது எங்கே என்பதை உறையில் வைத்து ஒட்டினார்கள்.
எனக்குத் தெரியக் கூடாது.
நான் ஜுசாரா. சீவுகிறவள்.

அறுபதாம் நாள்
ஃபார்மலின் புட்டியோடு வாசலில் நின்றேன்.
"வலிக்கவே இல்லையே.
மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?
அப்புறம் எதுக்கு?"
வாய் திறந்தபடி அவனும்
வாய் திறக்காமல் நாங்களும்
கொஞ்ச நேரம் இருந்தோம்.

மாதக்கணக்கில் கரைசலில் ஊறினால்
பல் தன் கல்லைக் கைவிடும்.
குண்டூசி இறங்கும் பதத்தில் எடுத்து
மெழுகில் புதைத்து
ஐந்து மைக்ரான், ஐந்து மைக்ரானாகச் சீவி
வெதுநீரில் நாடாவாக மிதக்கவிட்டேன்.
பக்கத்தில் பலமாக மூச்சுவிட்டால் மடிந்துபோகும்.
ஊதாவும் ரோஜாவும் ஊட்டினேன்.

நாற்பத்திரண்டாம் கண்ணாடியில், துளைக்கு அடியில்,
கரையிலிருந்து கரைவரை ஒரு பாலம்.
கூழுக்குள் சும்மா கிடந்த செல்கள்
எழுந்து வந்து வரிசையாக நின்று
தங்கள் கூரையைத் தாங்களே வேய்ந்திருந்தன,
வீடு இடிக்கும் தேதி தெரியாமல்.

படிவத்தில் குறித்தேன்.
அழற்சி: இல்லை.
பாலம்: முழுமை.
உயிர் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது.

கம்பி முறுக்க வந்தவன் பல்லைத் திருப்பிக் கேட்டான்.
"எந்தத் துண்டு? நூற்றுப்பத்து இருக்கு."
சிரித்தான். நுண்ணோக்கியில் கண் வைத்தான்,
நெடுநேரம் எடுக்கவில்லை.
"ஓட்டை எங்கே?"
காட்டினேன்.
"அந்தப் பக்கத்துப் பல்?"
சொல்லக் கூடாதுதான்.
அதன் பாலத்தில் இரண்டு பொத்தல் என்றேன்.
"பாவம்" என்றான்,
வகுப்புத் தோழன் ஒருவனைச் சொல்வதுபோல.
பேசும்போது நாக்கு இடைவெளியைத் துழாவியது.
கம்பி இழுத்ததில் அது
பாதிக்குமேல் மூடியிருந்தது.

உறையைப் பிரிக்க
இன்னும் பதினொரு பேரின் பற்கள் பாக்கி.