பதினோரு நிமிடம்

குளுவாங் பெரிய சடக்கில், ஆ லெங் தவுக்கேயின் பம்பில்
பெட்ரோல் அடிப்பவன் நான்.
கேலன் கணக்கு எழுதுவதும் நானே.
துரையின் கார் வந்தால் தொப்பியைக் கழற்றுவதில்லை.
கையெல்லாம் எண்ணெய் என்று ஒரு சாக்கு.

அவர்தான் என்னை எல்லைக் கல்லுக்கு இப்பால் நிறுத்தியவர்.
ஜப்பான்காரனிடம் விமானம் பழகியவன்
லயத்தில் கால் வைக்கக் கூடாதாம்.
தமிழில் சொன்ன கிராணி
'தயவுசெய்து' சேர்த்துக்கொண்டான், பாவம்.

பழகப் போனது உண்மை.
அண்ணன் ராக்கனைச் சயாம் ரயிலுக்கு இழுத்துப் போன மாசம்
படையில் பேர் கொடுத்தேன்.
வயசு பதினெட்டு என்று பொய்.
பல்லை எண்ணிப் பார்த்துவிட்டுக் கப்பலேற்றினார்கள்.

பனி விழுந்த முதல் காலை
உடம்பு பதறியது:
யார் பால் வாளியைத் தட்டிவிட்டது,
தண்டல் வருவானே!

அங்கமுத்து என்பது வாத்தியார் வாயில் நுழையவில்லை.
"அங்காமுத்தோ!"
எழுந்து நிற்பேன்.
எஞ்சின் இல்லாத மரப்பறவையில் ஏற்றி, கயிற்றால் இழுத்துவிடுவார்கள்.
சத்தமே இல்லாமல் நாற்பது தடவை தரையிறங்கினேன்.
சண்டை விமானங்கள் வரிசையாய் நின்றன,
வலை போர்த்தி, வயிறு காய்ந்து.

பிறகு மண்வெட்டி கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள்.
பைன் மர வேரைத் தோண்டிக் காய்ச்சினால்
எண்ணெய் இறங்குமாம்; விமானம் அதில் ஏறுமாம்.
பட்டையைக் கண்டதும் என் கை தானாகச்
சாய்வாய் ஒரு கோடு இழுத்தது.
பக்கத்தில் தோண்டிய சிரம்பான் பையன் சிரித்தான்.
அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.
இத்தனை கடல் தாண்டியும் மரத்தடிதான்.

ஒரே ஒரு நாள், மாசியோ பங்குனியோ,
பீப்பாய் அடியில் கிடந்ததை ஊற்றித்
தனியாக ஏற்றிவிட்டார்கள்.
பதினோரு நிமிடம்.
கீழே ஓர் ஊர், அணைந்த அடுப்பு மாதிரி.
சுட எதிரி வரவில்லை.
வந்திருந்தாலும் என்னிடம் தோட்டா இல்லை.
யாருக்கும் தெரியாமல் மூக்கைத் தெற்கே திருப்பினேன்.
கொஞ்ச நேரம்.
எண்ணெய் முள் பூஜ்யத்தில் நடுங்கியது.
திரும்பி வந்து இறங்கினேன்.

இப்போது வெள்ளைக்காரன் விமானம்
காட்டுக்குள் ஆள் தேடித் தலைக்கு மேல் போகிறது.
இடப்பக்க எஞ்சின் இருமுகிறது.
யாரும் என்னைக் கேட்பதில்லை.

குழாயை எடுக்கும்போது நாலு சொட்டு மிச்சம் நிற்கும்.
மற்ற பையன்கள் தரையில் உதறுவார்கள்.
துரை ஹார்ன் அடிக்கிறார்.
நான் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்,
நாலாவதும் உள்ளே விழட்டும்.